துப்பாக்கி வழியில் இருக்கும்போது

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு மாவட்டந்தோறும் உத்தரவு பிறப்பதும், பறக்கும் படையினர் சாலைகளில் வாகனங்களை நிறுத்திச் சோதிப்பதும், அந்தச் சோதனையில் நீளமான பெட்டியொன்று அகப்பட்டுவிட்டால் கூடிநிற்பவர் முகங்களில் திகில் பரவுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். அந்தப் பெட்டிக்கு உடையவர் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் புறப்பட்ட பள்ளி மாணவியாகவும் இருக்கலாம். தான் செல்வது சட்டப்படிதானா என்று அவளும் திட்டமாக அறியாள், அவளை நிறுத்திய காவலரும் திட்டமாக அறியார் என்னும் நிலைமைதான் கவலைக்குரியது.

துப்பாக்கி வீட்டிலுள்ள பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும்போது அதற்கு உரிமதாரர் பொறுப்பு; சுடுதளத்தில் இருக்கும்போது அங்குள்ள பயிற்சியாளரும் மேற்பார்வையாளரும் பொறுப்பு. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையில், பேருந்திலும் காரிலும் சுங்கச்சாவடியிலும் உணவு விடுதி வாசலிலும் அது கழிக்கும் இரண்டொரு மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் போதிய சிந்தனை செலுத்தவில்லை. அந்த நேரத்தை ஒழுங்கு செய்வது கடினமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை இப்போது பேசவேண்டிய அவசியம் என்னவென்றால், துப்பாக்கி சுடுதல் என்ற விளையாட்டு ஜமீன்தார்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரித்தானதாக இருந்த காலம் கழிந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று இந்த ஒரு விளையாட்டிலிருந்தே வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்து பிருத்விராஜும் அந்தப் போட்டிக்களத்தில் நின்றார்கள். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் அதில் கலந்துகொண்டு சுட்டதைப் பார்க்கத் திரண்ட கூட்டம், இந்த விளையாட்டின் பெயரை எத்தனையோ வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் கடைக்காரரும், நிலக்கோட்டைப் பூ வியாபாரியும், வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியும் தம் பிள்ளையை ரேஞ்ச் எனப்படும் சுடுதளமொன்றில் சேர்க்கலாமா என்று விசாரிக்கும் காலம் இது. அவர்களில் ஒருவருடைய வீட்டிலும் அதற்குமுன் துப்பாக்கி இருந்ததில்லை. ஆகவே, அதை எப்படிக் கொண்டுசெல்வது என்று சொல்லித்தரத் தகப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

ஆயுத விஷயத்தில் திண்டுக்கல்லுக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1755ஆம் ஆண்டை ஒட்டி இங்கே பௌஜ்தாராக, அதாவது படைநிர்வாகியாக, வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு நவீன ஆயுதச்சாலை ஒன்றை நிறுவியது இந்த ஊரில்தான். விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலான பாளையக்காரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டிச் சீமையின் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்தப் பறிப்பை நாடு முழுவதற்கும் நிரந்தரமாக்கியது. சுதந்திர இந்தியா 1959இல் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியபோது அடிமைக் காலத்து அவநம்பிக்கையைத் தளர்த்திற்று எனினும், துப்பாக்கி வைத்திருப்பது சர்க்கார் வழங்கும் அனுமதியே என்ற அடிப்படையை மாற்றவில்லை. அது சரியென்றே நான் கருதுகிறேன். அனுமதி என்று ஒன்று இருக்குமானால், அதன் நிபந்தனைகளைப் பிரஜை எளிதில் அறிந்துகொள்ள வகை இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

அந்த நிபந்தனைகள் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கின்றன. முதலாவது, எது துப்பாக்கி என்ற கேள்வி. பத்து மீட்டர் பயிற்சியில் பிள்ளைகள் கையாளும் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும், குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாதவையாயின், அவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட ஏர் ரைபிளுக்கும், பாயிண்ட் 22 ரைபிளுக்கும், களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் 12 போர் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமமின்றி அவற்றை வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைவாசம் உண்டு. உரிமம் இருந்தும் அதன் நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இரண்டாவது, எல்லை பற்றியது. நம் பகுதியினர் அதிகமாகத் தவறும் இடமும் இதுவாகவே இருக்கக்கூடும். ஒவ்வொரு உரிமப் புத்தகத்திலும் அந்த உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அது திண்டுக்கல் மாவட்டத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தால், அம்மையநாயக்கனூரைத் தாண்டி மதுரை மாவட்டத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்த கணத்திலேயே, வேறெந்தத் தவறும் செய்யாத அந்த மனிதர் சட்டத்தை மீறியவராகிறார். சாலையில் மாவட்ட எல்லையைக் காட்டும் பச்சைப் பலகையை நாம் யாரும் கவனித்துப் படிப்பதில்லை. துப்பாக்கியோடு செல்பவர் படித்தே ஆக வேண்டும். பரப்பை மாநிலம் முழுவதற்கும் விரித்துத் தருமாறு ஆட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்வதற்கு வழியுண்டு. போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு அதற்கு அலைவதைவிட, உரிமம் வாங்கும்போதே கேட்பது விவேகம்.

பன்றிக்கும் காட்டெருமைக்கும் அஞ்சிப் பயிரைக் காப்பதற்கென்று உரிமம் பெற்ற சிறுமலை, கன்னிவாடி அடிவாரத்து விவசாயி ஒருவர், அந்தத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குச் சென்று பழகிப் பார்க்கலாமே என்று நினைத்தால், அதுவும் ஆகாது. அந்த உரிமம் அந்த நிலத்துக்கும் அந்த நோக்கத்துக்கும் கட்டுப்பட்டது.

மூன்றாவது, தோற்றம். பொது இடத்தில் கொண்டுசெல்லும் துப்பாக்கி அதற்கென்று அமைந்த உறையிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். முற்றிலும் மூடப்பட்டிருக்க வேண்டும். கொண்டுசெல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தோளில் மாட்டி ஊர் பார்க்க நடப்பதும், காரின் கண்ணாடி வழியே தெரியும்படி பின்னிருக்கையில் கிடத்துவதும், நண்பர் வீட்டு விசேஷத்தில் எடுத்துக் காட்டுவதும் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ எனத் தனியே தண்டனை விதித்திருக்கிறது.

நான்காவது நிபந்தனை நம் மாவட்டத்துக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். பிரத்தியேக அனுமதி இல்லாமல், சந்தைத் திருவிழாக்களுக்கும் சமய ஊர்வலங்களுக்கும் ஜனங்கள் கூடும் பொதுக்கூட்டங்களுக்கும் கல்வி நிலையங்களின் வளாகத்துக்கும் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது. தைப்பூசத்துக்கு முன்னதாக நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியே பழனியை நோக்கி, காவடியும் கையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் இரவு பகலாக நடக்கிறது. பங்குனி உத்திரத்திலும் அப்படியே. பழனியிலிருந்து மதுரை ரேஞ்சுக்குச் செல்லும் ஒருவர் அந்த நாட்களில் அதே சாலையில் யாத்திரிகர்களினூடே ஊர்ந்துசெல்ல நேரும். சாலையைக் கடப்பதும் ஊர்வலத்துக்குக் கொண்டுபோவதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நள்ளிரவில் சத்திரப்பட்டிச் சாலையோரத்தில் களைத்துப்போன ஒரு காவலரிடம் செய்வதைக் காட்டிலும், அந்த வாரத்துப் பயிற்சியை ஒத்திவைப்பது மேல்.

பெட்டிக்குள்

சட்டம் குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. நல்ல பயிற்சியாளர் அதற்கு மேலும் சொல்கிறார். ஒரு பாயிண்ட் 22 ரைபிள் வீட்டிலிருந்து புறப்படும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்.

முதலில், குழல் யாரும் இல்லாத திசையை நோக்கியிருக்க, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறக்கிறார்கள். தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல், விரல் நுனியை விட்டுத் தடவியும் பார்க்கிறார்கள். ஏனெனில், பார்த்தேன் என்று கண் சொல்வதை நம்பி நிகழ்ந்த விபத்துகள் உலகில் ஏராளம். மேகசின் உள்ள துப்பாக்கியானால், அதைக் கழற்றித் தனியே வைக்கிறார்கள். பிறகு, உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிற்றைக் குழலின் ஊடே செலுத்துகிறார்கள். போல்ட்டையும் கழற்றித் தனிப் பையில் இடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்துவிட்டால், வழியில் பெட்டி களவு போனாலும் களவாடியவன் கையில் இருப்பது சுடமுடியாத இரும்புதான். அதன் பிறகே, பஞ்சுமெத்தை போன்ற ஸ்பாஞ்சில் அச்சாக வெட்டிய பள்ளத்தில் ரைபிள் படுக்கிறது.

தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில், வண்டியின் வேறு மூலையில் இருக்க வேண்டும். ஒரு சமயத்தில் இத்தனை, ஓராண்டில் இத்தனை என்று உரிமப் புத்தகத்திலேயே எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருப்பதால், அன்றைய பயிற்சிக்கு வேண்டியதை மட்டும் எண்ணி எடுத்து, குறித்துவைத்து, திரும்பியதும் மிஞ்சியதை மறுபடி எண்ணுவது நல்ல வழக்கம். சட்டைப் பையில் மறந்துபோய்த் தங்கிய ஒற்றைத் தோட்டா, அடுத்த மாதம் மதுரை விமான நிலையத்தின் பரிசோதனையில் வெளிப்பட்டு மானத்தை வாங்கிவிடும். பயிற்சிக்குப் போன சட்டையையும் பையையும் வேறு பிரயாணத்துக்கு உபயோகிக்காதிருப்பது உத்தமம்.

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டு, ஜிப்பு வைத்த துணிப்பையோடு துப்பாக்கி கொண்டுசெல்லும் பழக்கத்தை ஒழிக்க முன்வர வேண்டும். துப்பாக்கிப் பெட்டிக்கென்றே கைக்கடக்கமான, இரட்டைச் சாவி கொண்ட பூட்டொன்றை நாகல்நகர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் செய்து தந்தால் அதற்கு நாடெங்கும் கிராக்கி இருக்கும்.

ஏர் ரைபிள் வைத்திருப்போர் அறியவேண்டியது இன்னொன்று உண்டு. அதன் அடியிலுள்ள சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அதை மணிக்கணக்கில் விட்டுவைக்கலாகாது; செய்த தேதியிலிருந்து பத்து ஆண்டு கடந்த சிலிண்டரைப் பன்னாட்டு விதிகள் போட்டிக்கு அனுமதிப்பதும் இல்லை. தேதி சிலிண்டரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிறர் உபயோகித்த ஏர் ரைபிளை வாங்கும் பெற்றோர் விலையைப் பார்க்குமுன் அந்தத் தேதியைப் பார்ப்பார்களாக.

சாலையில்

காமராஜர் பேருந்து நிலையத்தில் மதுரைப் பேருந்தில் நீளப் பெட்டியோடு ஏறும் ஒரு பெண்ணிடம் நடத்துநர், “என்ன பாப்பா பெட்டியில? கீபோர்டா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “இல்லண்ணே, ஏர் ரைபிள்” என்று அவள் உள்ளபடி சொன்னால், அடுத்த நிமிஷம் அந்தப் பேருந்தில் என்ன நடக்கும்? நல்ல மனிதராயிருந்தால், “கூட யாரும் வரலையாம்மா?” என்று கேட்டுத் தயங்குவார், பயந்தவராயிருந்தால் இறக்கிவிடுவார். அவர்மேல் பிழை சொல்ல எனக்கு மனம் இல்லை. உரிமம் வேண்டாத ஏர் ரைபிளுக்கும் உரிமம் வேண்டிய துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு யாரும் என்றும் சொன்னதில்லை. மலையடிவாரங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்ட செய்தியை அவர் படித்திருக்கிறார். 2020 நவம்பரில் பழனியில் ஒரு நிலத் தகராறில் இருவர் சுடப்பட்டபோது, சுட்டது உரிமம் பெற்ற துப்பாக்கிதான் என்பதும் அவருக்கு நினைவிருக்கும்.

சிறுவர்களைப் பொறுத்தமட்டில் விடை தெளிவானது: பெட்டியில் இருப்பது உரிமம் வேண்டாத ஏர் ரைபிளேயானாலும், பெற்றோரோ பயிற்சியாளரோ இல்லாமல் பிள்ளையை அதனோடு அனுப்பக் கூடாது. உரிமம் வேண்டிய துப்பாக்கியானால், உரிமதாரர் உடன் இருக்க வேண்டும். பழுதுபார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உரிமதாரரின் உபயோகத்துக்காகவோ மற்றொருவர் கொண்டுசெல்வதானால், உரிமதாரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் வேண்டும். “டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்” என்பது விடையாகாது.

காரில் செல்வோர் செய்யும் பிழை வேறு வகையானது. பயிற்சி முடிந்து திரும்பும்போது பசி எடுக்கிறது. ஊரின் பெயர்பெற்ற பிரியாணிக் கடை எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, துப்பாக்கிப் பெட்டியை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு இறங்கிப் போகிறார்கள். விதி கேட்கும் முழுக் கட்டுப்பாடு அந்த முக்கால் மணி நேரம் எங்கே இருக்கிறது? வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் இடையே நிற்காமல் செல்ல வேண்டும். நிற்கத்தான் வேண்டுமென்றால் ஒருவராவது வண்டியில் இருக்க வேண்டும். துப்பாக்கி காணாமற்போனால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கும் கடமை உரிமதாரருடையது. “வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம்” என்ற தாமதம் அவரையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சோதனைக்கு நிறுத்தினால், பெட்டியைத் தாமே பாய்ந்து திறக்காமல், உள்ளே இருப்பது இன்னதென்று முதலில் வாயால் சொல்லி, உரிமப் புத்தகத்தைக் கொடுத்து, திறக்கச் சொன்னபின் திறப்பது இருதரப்புக்கும் நல்லது.

தேர்தல் காலம்

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்தது. தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19இல் நடந்தது. ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4இல். ஏறக்குறைய எண்பது நாட்கள். ஒரு வீரர் எண்பது நாள் துப்பாக்கியைத் தொடாதிருந்தால் அவருடைய கை மறந்துவிடும் பாடத்தைத் திரும்பக் கற்க மேலும் பல மாதங்கள் ஆகும்.

தேர்தல் கமிஷன் இதை அறியாததன்று. எல்லோரிடமிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிகளை வாங்கி வைக்காமல், ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய பரிசீலனைக் குழு ஒவ்வொரு உரிமதாரரின் நிலையையும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் அறிவுரை. போட்டிகளில் கலந்துகொள்ளும், தேசிய ரைபிள் சங்கத்தைச் சேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும், விலக்கு உண்டென்று அறியாத வீரர் தாமே கொண்டுபோய் ஒப்படைத்துவிடுகிறார். விலக்கைக் கேட்டு வந்தவரிடம் என்ன அத்தாட்சி கேட்பதென்று அறியாத நிலையத்தில், ஒப்படைத்துவிடுங்கள் என்பதே சுலபமான பதிலாகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கையெழுத்திட்ட ஒரே ஒரு பக்கச் சுற்றறிக்கை, நல்ல தமிழில், எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திண்டுக்கல் மண்டலப் பணிமனைகளுக்கும் போக வேண்டும். உரிமம் வேண்டாத ஏர் ரைபிளின் அளவு, உரிமப் புத்தகத்தில் பார்க்கவேண்டிய பக்கம், பெட்டி இருக்கவேண்டிய நிலை ஆகியவை அதில் இருந்தால் போதும். அதையே உரிமம் புதுப்பிக்க வருவோர் கையிலும் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதென்று நான் நினைப்பது, சுடுதளங்களிலேயே பாதுகாப்பான ஆயுத அறைகள் அமைவது. வாரம் இருமுறை பாயிண்ட் 22 ரைபிளைச் சாலையில் கொண்டுபோய்க் கொண்டுவருவதைவிட, கண்காணிப்புக் காமிராவும் காவலும் கொண்ட அறையில், கிளப்பின் பொறுப்பில், சட்டப்படி பதிவு செய்து வைத்துவிட்டு, வீரர் வெறுங்கையோடு பேருந்தில் வந்துபோகலாம். பல ரைபிள் கிளப்புகள் காவல்துறையின் ஆதரவோடு, ஆயுதப்படை வளாகங்களை ஒட்டியே இயங்குவதால், இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. தோட்டாக்களையும் கிளப்பே கணக்கு வைத்து வழங்கி, சுட்ட வெற்றுக் கூடுகளை எண்ணித் திரும்பப் பெற்றுக்கொள்ளுமானால், வீட்டில் தோட்டா சேர்த்துவைக்கும் அவசியமே குறைந்துவிடும்.

அத்தகைய தளங்களைப் பெருக்கும்போது நார்த்தாமலையை மறக்கலாகாது. 2021 டிசம்பர் 30ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தப் பகுதியில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்த தளத்திலிருந்து தப்பிவந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாளில் அச்சிறுவன் மாண்டான். துப்பாக்கி அத்தளத்துக்கு எவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவரப்பட்டிருந்தாலும் பயனென்ன? குண்டு நிற்கவேண்டிய மண்சுவரின் உயரம், அதற்குப் பின்னுள்ள குடியிருப்பின் தூரம் ஆகியவற்றைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் அளந்து சான்றளித்த பின்னரே எந்தத் தளமும், பெரிதோ சிறிதோ, திறக்கப்பட வேண்டும்.

கிளப்புகள் தம் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம், துப்பாக்கியின் எண், பயிற்சி நாள், நேரம், பொறுப்பாளரின் தொலைபேசி எண் அடங்கிய கடிதமொன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வழங்க வேண்டும். அதன் நகல் அங்கத்தினரின் ஊர்க் காவல் நிலையத்துக்கும் செல்ல வேண்டும். தேர்தல் அறிவிப்பு வருமுன்பே, போட்டி வீரர்களின் பட்டியலைக் கிளப்புகளிடமிருந்து பரிசீலனைக் குழு பெற்றுவைத்துக்கொண்டால், அறிவிப்பு வந்த அன்றே விலக்குக் கடிதங்களை வழங்கிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரேஞ்சில் பணம் கட்டிச் சேர்க்கும் நாளிலேயே, “துப்பாக்கியை எப்படிக் கொண்டுவரச் சொல்வீர்கள்?” என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். மேலே சொன்னபடி, குழல் திசையிலிருந்து தோட்டாப் பெட்டி வரை அவர் வரிசையாகச் சொன்னால் சேருங்கள். “அதெல்லாம் ஒன்றுமில்லை, பையில் போட்டு எடுத்து வாருங்கள்” என்றால் வேறு ரேஞ்ச் தேடுங்கள்.